சப்ரகமுவ மலைகளில் யார் புகைப்பவர்?

எம்பிலிப்பிட்டியில் வெயிலுக்குக் குறைவில்லை. உடவளவைத் தண்ணீரில் விளைந்த நெல்லை அறுத்து, வீதியோரத்தில் படங்கு விரித்துக் கொட்டினால் இரண்டொரு நாளில் காய்ந்துவிடும். அங்கிருந்து ஏ-18 வீதியில் வடக்கே ஏறி, கொடக்கவெல, கஹவத்தை தாண்டிப் பெல்மதுளையை நெருங்கும்போது எல்லாம் மாறிவிடுகிறது. வயல்கள் ஒதுங்கித் தேயிலையும் இறப்பரும் வருகின்றன. பாதி நாள் வானம் மூடியே கிடக்கிறது. இரத்தினபுரிப் பக்கத்தில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. துவைத்த துணி காயாது, வெட்டிய விறகு காயாது, பறித்த எதையும் முற்றத்தில் நம்பிப் போட முடியாது. வெயில் செய்யவேண்டிய வேலையை இந்த மலைகளில் புகை செய்கிறது.

கொறுக்காப்புளியை மழைக்காலத்தில் அடுப்புக்கு மேலே பரணில் போட்டுத்தான் கறுப்பாக்குகிறார்கள். அடுத்த போகத்துக்கு எடுத்துவைத்த சோளக் கதிரும் பீர்க்கு விதையும் அதே புகையில் தொங்குகின்றன; வண்டு அண்டாது. நாட்டின் எல்லாச் சமையலறைகளிலும் இருக்கும் மாசிக்கருவாடு, மாலைதீவில் அவித்துப் புகையூட்டிக் காயவைத்த சூரை மீன். வளவை ஆற்றங்கரைக் காடுகளில் தேன் எடுப்பவர்கள் பச்சை இலையைக் கட்டிக் கொளுத்திப் புகை காட்டிய பிறகுதான் கூட்டை நெருங்குகிறார்கள். தேனீக்கள் ஒன்றையொன்று எச்சரிக்க விடும் வாசனையைப் புகை மறைத்துவிடுகிறது. கூடு எரியப்போகிறது என்று எண்ணி அவை வயிறு முட்டத் தேனைக் குடித்து மந்தமாகிவிடுகின்றன. 1870-களில் அமெரிக்காவில் மோசஸ் குயின்பி துருத்தி வைத்த புகைக்கருவியைச் செய்வதற்கு வெகுகாலம் முன்பே காட்டுத் தேன்காரர்களுக்கு இது கைவந்த வித்தை.

புகைப்பவர் யார் என்று இந்த மலைகளில் நின்று கேட்டால், சிகரட் பெட்டியை வைத்துக்கொண்டு கேட்பவருக்குக் கிடைக்கும் விடை கிடைக்காது. யாழ்ப்பாணத்தார் சுருட்டுப் பத்துவார்கள், தோட்டத்தில் பீடி குடிப்பார்கள், அரசாங்கப் படிவத்தில் அது புகைபிடித்தல். மூன்றும் கையில் பற்றவைத்த ஒன்றை வாயில் வைப்பதைப் பற்றியவை. சப்ரகமுவத் தோட்டங்களில் மிக அதிகமான புகையைச் சுவாசித்தவர்களோ வாழ்நாளில் ஒரு பீடியும் தொடாதவர்கள். அவர்களைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

முதலில் இறப்பர். 1876-ல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அவற்றில் ஏறத்தாழ 1,900 நாற்றுகள் இலங்கைக்கு வந்து கம்பஹாவின் ஹெனரத்கொடை பூங்காவில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் மோட்டார் வண்டியின் டயருக்காக உலகமே இறப்பரைக் கேட்டபோது, கேகாலை, இரத்தினபுரி, களுத்துறை மாவட்டங்களின் தாழ்மலைகள் இறப்பர்க் காடாயின. எட்டியாந்தோட்டை, தெரணியகல, எஹலியகொடை, இரத்தினபுரி, பெல்மதுளை எங்கும் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். மலைநாட்டின் கொழுந்துத் தோட்டங்களைப் பற்றி நாம் நிறையவே எழுதியிருக்கிறோம். பால் வெட்டுகிறவர்களைப் பற்றி எழுதியது மிகக் குறைவு. சப்ரகமுவத் தமிழர் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிறுசிறு தோட்டங்களாகச் சிதறிக் கிடப்பதும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பால் வெட்டு விடிவதற்கு முன்னே தொடங்கும். வெயில் ஏறினால் பால் ஒழுகுவது நின்றுவிடும்; மழை பெய்தால் சிரட்டைப் பாலில் தண்ணீர் கலந்துவிடும். சேர்ந்த பாலை வாளியில் கொண்டுவந்து வடிகட்டித் தண்ணீர் விட்டு நெகிழ்த்தி, தட்டங்களில் ஊற்றி, போர்மிக் அமிலம் சேர்த்தால் மறுநாளைக்குள் வெண்ணிறக் கட்டியாக உறைந்துவிடும். அதை உருளைகளுக்கு நடுவே திரும்பத் திரும்ப விட்டுத் தண்ணீரைப் பிழிகிறார்கள். கடைசி உருளையில் வரிவரியான பள்ளம் வெட்டியிருக்கும்; அதிலிருந்து வெளிவரும் தாள், அதாவது சீட்டு, சுமார் மூன்று மில்லிமீற்றர் தடிப்பில் வரிகளோடு இருக்கும். வரி அழகுக்காக அல்ல. காற்றும் புகையும் படும் பரப்பு கூடவேண்டும், அடுக்கிவைத்த சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் கூடாது. இனி இதைக் காயவைக்கவேண்டும். ஈரச் சீட்டு இந்தக் காற்றில் இரண்டு நாள் கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

அதற்குத்தான் புகையறை, தோட்டத்துப் பேச்சில் சுமோக் ஹவுஸ். உயர்ந்த கூரை, கறுத்த சுவர், சுவருக்குச் சுவர் வரிசை வரிசையாகக் கம்புகள். துவைத்த துணியைக் கொடியில் போடுவதுபோல ஒவ்வொரு கம்பிலும் சீட்டுகள் தொங்கும். அடுப்பில் எரிவதும் பெரும்பாலும் இறப்பர் விறகுதான். முப்பது ஆண்டளவில் பால் வற்றிய மரங்களைப் பிடுங்கி மறுநடவு செய்கிறபோது, அந்த மரமே தன் அடுத்த தலைமுறையின் பாலைக் காயவைக்கும் விறகாகிறது. முதல் நாள் சூடு மிதமாக இருக்கவேண்டும். பிறகு மெல்ல ஏற்றி அறுபது பாகை செல்சியஸ் அளவில் நிறுத்தவேண்டும். அதற்கு மேலே போனால் சீட்டுக்குள் கொப்புளம் எழும்பும், குறைந்தால் நடுவில் வெள்ளை ஈரம் நிற்கும். நான்கைந்து நாளில் பால்வெள்ளை பழுப்பாகி, பொன்னிறமாகி, வெளிச்சத்தில் பிடித்தால் ஊடுருவித் தெரியும் பக்குவத்துக்கு வரும்.

இந்த நான்கைந்து நாளும் ஒருவர் உள்ளே போய்வந்துகொண்டிருக்கவேண்டும். கம்பு பட்ட இடம் காயாமல் தழும்பாகிவிடும் என்பதால் சீட்டுகளை நாள்தோறும் புரட்டிப் போடவேண்டும். காய்ந்ததை மேலுக்கு மாற்றி, புதியதைக் கீழே தொங்கவிடவேண்டும். இரவிலும் விறகு தள்ளவேண்டும். கதவைத் திறந்ததும் முகத்தில் அறைவது சூடு, அதற்குப் பின்னால் புகை. கண் உடனே கலங்கிவிடும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து ஒரு வரிசை முடித்து, வெளியே வந்து இருமி, மறுபடி உள்ளே போகிறார்கள். சட்டையிலும் தலைமுடியிலும் ஏறிய வாடை குளித்தாலும் போவதில்லை. இந்த வேலைக்குப் பெயர் புகைபிடித்தல் அல்ல. இதைச் செய்கிறவர் பீடி குடிக்காதவரானால், எந்த மருத்துவமனைப் பதிவிலும் அவர் புகைக்காதவர்தான்.

சீட்டுக்கு இந்தப் புகை என்ன செய்கிறது? எரியும் விறகிலிருந்து வரும் பினோல், கிரிசோல் வகைப் பொருள்கள் அதன்மேல் படிந்து பூஞ்சணத்தைக் கொல்கின்றன. கப்பலின் அடித்தளத்தில் வாரக்கணக்கில் கிடந்தாலும் சரக்கு கெடாது. அமேசான் காட்டில் பால் எடுத்தவர்கள் பனை வகைக் கொட்டைகளை எரித்து, அந்தப் புகையில் கோலைச் சுற்றிச் சுற்றிப் பாலை ஊற்றி உருண்டை திரட்டிய நாளிலேயே இந்த அறிவு இருந்தது. ஆனால் அதே புகையில் காபன் மொனொக்சைட்டு இருக்கிறது, நுரையீரலின் கடைசிப் பைவரை இறங்கும் நுண்துகள் இருக்கிறது, பென்சோபைரீன் போன்ற புற்றுநோய் வருவிக்கும் பொருள்கள் இருக்கின்றன. இந்தக் கடைசி வகைப் பொருள்கள் சிகரட் புகையிலும் உண்டு.

தென் தாய்லாந்தில் கூட்டுறவுப் புகையறைகள் ஏராளம். பிரின்ஸ் ஆஃப் சொங்கிலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவற்றில் வேலை செய்பவர்களின் மூச்சுக்காற்றை அளந்து, விறகுப் புகையின் நுண்துகளும் இந்தப் பொருள்களும் தொழிலாளிமேல் எவ்வளவு படிகின்றன என்று பதிவு செய்திருக்கிறார்கள். புகை பரவும் வழியை ஆராய்ந்து, அறைகளின் வடிவத்தையும் காற்றோட்டத்தையும் மாற்றினால் எவ்வளவு குறைக்கலாம் என்றும் பார்த்தார்கள். அளந்ததால்தான் மாற்றத்தைப் பற்றிப் பேச முடிந்தது.

சரக்கை அளப்பதில் உலகத்துக்கு எப்போதும் தயக்கமில்லை. புகையூட்டிய வரிச்சீட்டுக்கு அனைத்துலக வணிகத்தில் பச்சைப் புத்தகம் என்று வழங்கும் தரக்குறிப்பு நூல் இருக்கிறது. அதன்படி ஒன்று முதல் ஐந்து வரை தரங்கள், முதலாவதுக்கும் மேலே ஒன்று-எக்ஸ். சீட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். பூஞ்சணம் எவ்வளவு இருக்கலாம், குமிழி எவ்வளவு சிறியதாக இருக்கலாம், மரப்பட்டைத் துணுக்கு எந்தத் தரத்தில் அனுமதி என்று வரிவரியாகச் சொல்லியிருக்கும். புகை குறைந்த சீட்டு கூடாது. புகை மிஞ்சிய சீட்டும் கூடாது. ஒரு பாளம் இறப்பர் எவ்வளவு புகை வாங்கலாம் என்பதற்கு இத்தனை நுணுக்கமான வரம்பு இருக்கிறது. அது சரக்கைப் பற்றிய புத்தகம். ஆளைப் பற்றி அதில் எதிர்பார்ப்பது நியாயமில்லை. இலங்கையின் 1942-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தில் வேலைத்தலத்துத் தூசியையும் புகையையும் அகற்றுவதற்கு ஏற்பாடு உண்டு. ஆனால் இலங்கை இறப்பரில் பெரும்பகுதி இன்று சிற்றுடைமையாளர்களின் தோட்டங்களிலிருந்து வருகிறது. வீட்டுக் கொல்லையில் நிற்கும் சிறு புகையறைக்குத் தொழிற்சாலைப் பரிசோதகர் வரப்போவதில்லை.

இந்தப் புகைத்த சீட்டு ஒரு காலத்தில் நாட்டுக்கே சோறு போட்டது. 1952 டிசம்பரில் பீக்கிங்கில் கையெழுத்தான இறப்பர்-அரிசி உடன்படிக்கையின்படி, இலங்கை ஆண்டுக்கு 50,000 தொன் சீட் இறப்பரைக் கொடுத்து, 270,000 தொன் அரிசியைச் சீனாவிலிருந்து பெற்றது. அமெரிக்காவின் எதிர்ப்பையும் மீறிச் செய்த உடன்படிக்கை அது. வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனாநாயக்கவின் பெயர் அதனால் வரலாற்றில் நிற்கிறது. உடன்படிக்கை 1982 வரை புதுப்பிக்கப்பட்டு நீடித்தது. சப்ரகமுவ இறப்பரைக் கொழும்புக்குக் கொண்டுபோனதும் புகைதான் என்று சொல்லலாம். களனிவெளிக் குறுகிய பாதை 1912-ல் இரத்தினபுரியைத் தொட்டு, ஓப்பநாயக்கவரை நீண்டது. ரயிலுக்கு இலங்கை அரசாங்கம் வைத்திருக்கும் தமிழ்ப் பெயர் இன்றும் புகையிரதம். அவிசாவளைக்கு அப்பாலுள்ள பாதையை 1970-களில் மூடிவிட்டார்கள்.

சீனத்திலிருந்து வந்த அந்த அரிசி தோட்டத் தொழிலாளரின் லயத்து அடுப்புக்கு வந்தது. புகையின் பெரிய கதை அங்கேதான் இருக்கிறது.

லயன் காம்பரா என்பது பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவில் ஓர் அறை, அதற்கு முன்னால் ஓர் இஸ்தோப்பு. கட்டிய காலத்தில் சமையலுக்கென்று தனி இடம் கொடுக்கவில்லை. இஸ்தோப்பின் ஒரு மூலையிலேயே மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினார்கள். மழையும் காற்றும் உள்ளே அடிக்காதபடி பிறகு அதற்குத் தகரமும் சாக்கும் வைத்து மறைத்தார்கள். மறைக்க மறைக்கப் புகை வெளியேறும் வழி அடைபட்டது. பிற்பாடு பின்பக்கத்தில் குசினி இறக்கினார்கள். அதுவும் தாழ்ந்த தகரக் கூரை, ஒரு கதவு, பெரும்பாலும் சன்னல் இல்லாமல். அதிகாலை நான்கு, நான்கரைக்கு எழுந்து அடுப்பு மூட்டினால்தான் தேத்தண்ணி, காலைச் சாப்பாடு, மலைக்குக் கொண்டுபோகும் சோறு எல்லாம் முடித்து, வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய்ச் சேரலாம். அந்த நேரத்தில் விறகு பனியில் நனைந்திருக்கும். ஊதுகுழலை வாயில் வைத்து ஊதுகிறவளின் முகம் அடுப்பின் வாயிலிருந்து ஒரு முழத் தூரத்தில் இருக்கிறது. ஊதிய மூச்சை நிரப்பிக்கொள்ள அவள் ஆழ இழுப்பது அதே புகையைத்தான். பக்கத்தில் ஒரு பிள்ளை படுத்திருக்கும், இல்லையென்றால் இடுப்பில் இருக்கும். பிறந்து சில நாளிலேயே குளிப்பாட்டிய தலைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவதோடு அந்தப் பிள்ளையின் மூச்சுக் கணக்கு தொடங்கிவிடுகிறது.

இந்தப் பெண் ஐம்பது வயதில் மாடி ஏற முடியாமல், இரவில் படுக்க முடியாமல், இரத்தினபுரிக்கோ எம்பிலிப்பிட்டிப் பெரியாஸ்பத்திரிக்கோ போகிறாள். இழுப்பு என்கிறாள், வீசிங் என்றும் சொல்கிறாள். சிகரட், பீடி உண்டா என்று கேட்கிறார்கள். "ஐயோ, இல்லைங்கய்யா" என்கிறாள். அது உண்மை. கேள்விதான் குறைபட்டது.

இந்தக் குறையை முதலில் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் தமிழ்க் குடும்பத்தில் பர்மாவில் பிறந்த மருத்துவர் எஸ். பத்மாவதி, இந்தியாவின் முதல் பெண் இதயநோய் வல்லுநர். 1950-களில் தில்லி மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளில், நுரையீரல் கெட்டு அதனால் இதயத்தின் வலப்பக்கம் வீங்கிய பெண்கள் நிறைய இருப்பதைக் கவனித்தார். மேல்நாட்டு நூல்களின்படி அது சிகரட் குடிக்கும் வயதான ஆண்களின் நோய். இந்தப் பெண்கள் சிகரட்டே அறியாதவர்கள். ஆண்களைவிடச் சிறுவயதிலேயே அவர்களுக்கு நோய் வந்திருந்தது. சாணி வறட்டியும் விறகும் எரியும் அடைபட்ட அடுப்படியை அவர் காரணமாகச் சுட்டினார். பாதக் என்பவரோடு சேர்ந்து எழுதிய அந்த ஆய்வு 1959-ல் 'சர்க்குலேஷன்' இதழில் வெளிவந்தது. புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ரிச்சர்ட் டோலும் பிராட்ஃபர்ட் ஹில்லும் நிறுவி அப்போது ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. டோலின் கண்டுபிடிப்பிலிருந்து உலகச் சட்டங்கள் பிறந்தன. பத்மாவதியின் கண்டுபிடிப்பு பல பத்தாண்டுகள் மருத்துவ இதழ்களுக்குள்ளேயே இருந்தது. நோயாளிகள் யார் என்பதுதான் இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1980-களின் தொடக்கத்தில் கிர்க் ஸ்மித் குஜராத் கிராமங்களில் அடுப்படிக் காற்றை அளந்தார். திறந்த விறகடுப்பு ஒரு மணி நேரத்தில் வெளிவிடும் புகை நானூறு சிகரட்டின் புகைக்குச் சமம் என்று பின்னாளில் அவர் சொல்லிவந்தார். அவ்வளவும் ஒருவரின் மூச்சுக்குள் போவதில்லை, வெளிவரும் அளவைத்தான் அது சொல்கிறது. அப்படியே இருந்தாலும் கணக்கு பயங்கரமானது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டியின்படி நுண்துகள் ஆண்டுச் சராசரியாக ஒரு கனமீற்றருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. விறகு எரியும் சமையலறைகளில் சமைக்கும் நேரத்தில் அது பல நூறைத் தொடுகிறது. வீட்டுப் புகையால் 2020-ல் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக அந்த நிறுவனமே மதிப்பிடுகிறது. விறகுப் புகையை மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் வருவிக்கக்கூடியது என்ற வகையில் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்திருக்கிறது.

சிகரட் குடிப்பவருக்கு மருத்துவர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்: நாளுக்கு ஒரு பெட்டி, அதாவது இருபது சிகரட், ஓர் ஆண்டு குடித்தால் ஓர் அலகு. இருபது ஆண்டு குடித்தவர் என்றால் உடனே எச்சரிக்கையாவார். அடுப்படிக்கும் அதுபோன்ற கணக்கு இருக்கிறது. சண்டிகரில் பெஹெராவும் ஜிந்தலும் 1990-களின் தொடக்கத்தில் பெண்களின் மூச்சுநோயையும் சமையல் எரிபொருளையும் சேர்த்து ஆராய்ந்த வழியில், நாளுக்கு எத்தனை மணி நேரம் அடுப்படியில் என்பதை எத்தனை ஆண்டு என்பதால் பெருக்கும் முறை வழக்கத்துக்கு வந்தது. மைசூர் மாவட்டக் கிராமப் பெண்களிடம் செய்து 2013-ல் வெளிவந்த ஆய்வொன்றில், இந்தப் பெருக்கம் 60-ஐத் தொடும்போது நாள்பட்ட மார்ச்சளியின் அபாயம் குறிப்பிடத்தக்க அளவில் ஏறுவதாகக் கண்டார்கள். லயத்துப் பெண்ணுக்குப் போட்டுப் பாருங்கள். காலையும் மாலையுமாக மூன்று மணி நேரம், இருபது ஆண்டு: அறுபது. பதினாறு வயதில் அடுப்படிக்கு வந்தவள் முப்பத்தாறு வயதில் அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறாள். பிறகும் முப்பது ஆண்டு சமைக்கிறாள்.

அமெரிக்காவின் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில் வாழ்நாளில் நூறு சிகரட்டாவது குடித்திருந்தால்தான் ஒருவரைப் புகைத்தவர் என்று எழுதுவார்கள். அதற்குக் குறைந்தால் ஒருபோதும் புகைக்காதவர். இந்த வரையறை உலகெங்கும் நடத்தப்படும் பல ஆய்வுகளுக்குப் போயிருக்கிறது. இலங்கையில் 2015-ஐ ஒட்டி நடந்த, தொற்றாநோய்க் காரணிகளை அளக்கும் ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில் ஆண்களில் பத்துக்கு மூன்று பேரளவில் புகைப்பவர்கள், பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இந்தப் புள்ளிவிவரத்தைப் படிக்கிற அதிகாரிக்கு நாட்டின் பெண்களுடைய நுரையீரல் நலமாக இருப்பதாகத் தோன்றும். ஆனால் 2012 குடிசன மதிப்பீட்டில் நாட்டின் குடும்பங்களில் நான்கில் மூன்றுக்கும் மேற்பட்டவை விறகில்தான் சமைத்தன. இந்த இரண்டு எண்களையும் ஒரே பக்கத்தில் வைத்துப் படிக்கவேண்டும்.

புகையிலைச் சட்டத்தைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமல்ல. இலங்கை 2003-லேயே உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயத்தை ஏற்றது. 2006-ஆம் ஆண்டின் 27-ஆம் இலக்கச் சட்டம் மூடிய பொது இடங்களில் புகைப்பதைத் தடுத்தது; இருபத்தொரு வயதுக்குட்பட்டவருக்கு விற்பதைக் குற்றமாக்கியது. 2015-லிருந்து சிகரட் பெட்டியின் நூற்றுக்கு எண்பது பங்கை எச்சரிக்கைப் படம் நிறைத்திருக்கிறது. இந்தச் சட்டத்துக்குப் பின்னாலுள்ள நியாயம், மற்றவர் விடும் புகையை மூச்சில் வாங்கும்படி யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்பது. அதை உலகம் ஒப்புக்கொண்டதற்கு ஒரு காரணம் ஜப்பானியர் தக்கேஷி ஹிரயாமாவின் 1981-ஆம் ஆண்டு ஆய்வு. தாங்கள் புகைக்காவிட்டாலும், அதிகம் புகைக்கும் கணவரைக் கொண்ட மனைவியருக்கு நுரையீரல் புற்றுநோய் கூடுதலாக வருகிறது என்று அவர் காட்டினார். பக்கத்தில் இருப்பவரின் மூச்சும் கணக்கில் வரும் என்ற அந்த நியாயத்தை அடுப்படிக்கும் புகையறைக்கும் நீட்டும்படிதான் கேட்கிறேன்.

தோட்டத்தில் புகையிலை பெரும்பாலும் எரிவதில்லை, மெல்லப்படுகிறது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டுப் புகையிலை: கொட்டும் மழையில் மலையில் நிற்கிறவருக்குச் சூட்டையும் பசி மறதியையும் தருவது அதுதான். இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். தோட்டங்களும் சப்ரகமுவமும் அதில் முன்னணியில் இருப்பவை. வெற்றிலை போடும் பெண்ணும் புகைப்பவர் பட்டியலில் இல்லை. இப்படி அடுப்பு ஊதுகிறவளாகவும் புகையிலை மெல்லுகிறவளாகவும் ஒருத்தியே இரண்டு முறை அந்தப் பட்டியலிலிருந்து விடுபடுகிறாள்.

மாற்றுவழிகள் இருக்கத்தான் செய்கின்றன. 1980-களில் உருவான அனகி அடுப்பு இலங்கையின் நல்ல சாதனை. ஒரே களிமண் வார்ப்பில் இரண்டு பானை வைக்கலாம். ஊர்க் குயவரே செய்து விற்கிறார், விலையும் குறைவு. விறகு கணிசமாக மிச்சமாகிறது. ஆனால் அதற்குப் புகைக்கூடு கிடையாது. குறைந்த புகையும் கூரைக்குக் கீழேதான் நிற்கிறது. லயத்துக் குசினிக்கு அடுப்போடு புகைக்கூடும் சேர்ந்து வந்தால்தான் பயன். எரிவாயு தோட்டங்களுக்குள் மெல்ல வந்துகொண்டிருந்தது. 2021-ன் கடைசியில் அடுப்புகள் வெடித்த செய்திகளும் 2022-ன் தட்டுப்பாடும் விலையேற்றமும் பலரை மறுபடி விறகுக்கே அனுப்பிவிட்டன. விறகு தோட்டத்தில் கிடைக்கிறது, வாயுவுக்குக் கையில் காசு வேண்டும். நாட்கூலியில் வாழும் வீட்டில் இந்தக் கணக்கு வேறு எல்லா அறிவுரையையும் வென்றுவிடும்.

ஏழு பேர்ச் நிலத்தில் தனி வீடு என்ற திட்டத்தில் இந்திய உதவியோடு முதலில் 4,000 வீடுகளும், பிறகு 10,000 வீடுகளும் அறிவிக்கப்பட்டன. லயத்திலிருந்து வெளியேறும் ஒவ்வொரு குடும்பமும் கொண்டாடவேண்டியது அது. ஆனால் புதுவீட்டின் சமையலறையைக் கரி படாமல் வைத்துக்கொண்டு, பின்னால் தகரம் சாய்த்து விறகடுப்பு மூட்டுகிற வழக்கம் பல இடங்களில் உண்டு. வீட்டு வரைபடம் போடும்போதே, இங்கே எரியப்போவது விறகு என்று ஒப்புக்கொண்டு, அகலமான புகைக்கூட்டோடு ஒரு குசினியை வரைந்திருந்தால் அந்தத் தகரச் சாய்ப்பு தேவைப்பட்டிருக்காது.

புகையறைக்கும் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. விறகு தள்ளும் வாயைச் சுவருக்கு வெளியே வைக்கலாம். சீட்டுகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி, ஆள் உள்ளே போகாமலே வெளியே இழுத்துப் புரட்டும் அமைப்பு பெரிய தொழிற்சாலைகளில் ஏற்கனவே இருக்கிறது. பகலில் வெயில் வெப்பமும் இரவில் விறகுமாகச் சேர்ந்து இயங்கும் உலர்த்திகளை இந்திய, இலங்கை ஆராய்ச்சி நிலையங்கள் உருவாக்கியிருக்கின்றன. வறண்ட பக்கத்துக்கு இறப்பரைக் கொண்டுபோகும் முயற்சிகள் நடக்கும் காலத்தில் இவை இன்னும் பயன்படும். இந்த வேலை தெரிந்த கைகள் கடல் கடந்தும் போயிருக்கின்றன. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் தாயகம் திரும்பியோரில் ஒரு பகுதியினருக்குக் கன்னியாகுமரி மாவட்டத்து இறப்பர்த் தோட்டங்களில் வேலை கொடுத்தார்கள்; 1984-ல் தமிழக அரசின் அரசு இறப்பர்க் கழகம் அங்கேதான் உருவானது. கீரிப்பாறையிலும் மணலோடையிலும் பால் வெட்டுகிறவர்களின் பிள்ளைகளையும், எஹலியகொடையில் பால் வெட்டுகிறவர்களின் பிள்ளைகளையும் சேர்த்து மூச்சுச் சோதனை செய்து பார்க்க ஒரு பல்கலைக்கழகம் முன்வந்தால், ஒரே மக்களின் நுரையீரல் இரண்டு நாட்டில் எப்படி இருக்கிறது என்று தெரியவரும்.

அதுவரை காத்திருக்காமல் நாளைக்கே செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. தோட்ட டிஸ்பென்சரியிலும் ஆஸ்பத்திரி மார்புநோய்க் கிளினிக்கிலும் சிகரட், பீடி கேட்கிற அதே மூச்சில் இன்னும் நான்கு கேள்வி கேட்கலாம். எதில் சமைக்கிறீர்கள்? ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்? எத்தனை வயதிலிருந்து? புகையறையில் வேலை செய்ததுண்டா? நேரத்தை ஆண்டால் பெருக்கி, கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிவிடவேண்டும். அறுபதைத் தாண்டியவர்களை ஊதிப் பார்க்கும் சோதனைக்கு அனுப்பவேண்டும். அவர்களுக்கு இழுப்பு வரும்வரை பொறுத்திருக்கக் கூடாது.